இரண்டு இருபது வரை

ஸ்பேனரை இன்னொரு கால் சுற்று திருப்பியும் சிலிண்டரின் சீறல் நிற்கவில்லை. டிரைவர் முட்டி போட்டு உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டிய கை அது. காற்று சீறினால் எங்கோ கசிகிறது என்று அதற்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"இன்னும் கொஞ்சம்," என்றாள் கட்டிலில் இருந்தவள். உதடு நீலம் பாரித்திருந்தது. "பாதி இறுக்கிட்டு விட்டா... பாதிதான் நிக்கும்."

"நீ பேசாம இரு டீச்சர். பேசறதுக்கு இப்பக் காத்து இல்ல."

சீறல் அடங்கியது. அவள் மூக்குக்குப் போகும் குழாயை மெஷினிலிருந்து பிடுங்கிச் சிலிண்டரில் செருகினார். தண்ணீர்க் குப்பிக்குள் குமிழிகள் முண்டியடித்துக்கொண்டு ஏறின. கண்ணாடிக் குழலுக்குள் இருந்த சின்னக் குண்டு எழும்பி, நான்கு என்ற கோட்டில் போய் நின்று ஆடியது. ஐந்தாறு மூச்சுக்குப் பிறகு அவள் தோள் தளர்ந்தது. அப்புறம்தான் அவர் தன் மூச்சை விட்டார்.

மின்சாரம் போய் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மூலையில் இருந்த ஆக்சிஜன் மெஷின் கீச்சு கீச்சென்று கத்திவிட்டு அணைந்து போயிருந்தது. வீட்டில் அது ஓடும்போது பகலும் இரவும் ஒரு மாவு மில்லுக்குள் குடியிருப்பது போல இருக்கும். இப்போது அந்தச் சத்தம் இல்லாத வீடு அவருக்கு என்னவோ போலிருந்தது.

"முள்ளு எதுல நிக்குது?"

சிலிண்டர் தலையில் இருந்த அழுத்தமானியைக் குனிந்து பார்த்தார். "நூத்தி இருபது."

"மணி?"

"ஒம்போது இருவது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கணக்குப் போடும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். புருவத்துக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு விழும். இருபத்தெட்டு வருஷம் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவள். விசை, வெப்பம், வாயு என்று மூன்று பாடத்துக்கும் அவள் போட்ட கணக்குகள் ஊரில் பாதிப் பேரை அழ வைத்தவை.

"சிலிண்டர் பத்து லிட்டர். உள்ள நூத்தி இருபது மடங்கு அமுக்கி வெச்சிருக்கு. வெளிய விட்டா ஆயிரத்து எரநூறு லிட்டர். நிமிஷத்துக்கு நாலு போகுது..." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "முந்நூறு நிமிஷம். அஞ்சு மணி நேரம். ரெண்டு இருபது வரைக்கும் வரும்."

"அதுக்குள்ள கரண்ட் வந்துடும்."

"வரும் வரும்."

வீட்டில் அவளுக்கு டீச்சர் என்றுதான் பெயர். அவருக்கு டிரைவர். கல்யாணத்துக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட பெயர்கள், உதிரவேயில்லை. அவர் ஓட்டிய தடத்தில்தான் அவள் பள்ளிக்கூடம் போவாள். ஒரு நாள் குறுக்கே மாடு வந்து அவர் பிரேக்கை மிதித்ததில், முன் வரிசையில் நின்றவள் கம்பியில் மோதி நெற்றி புடைத்துவிட்டது. பஸ்ஸே சேர்ந்து அவரைத் திட்டியது. அவள் மட்டும் இறங்கும்போது, "உங்க மேல தப்பு இல்ல. நிலைமம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். நிலைமம் என்றால் யார், எந்த ஊர்க்காரன் என்று கண்டக்டரிடம் கேட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பரீட்சைத் தாளிலும் ஒரு பேருந்து வரும். மணிக்கு ஐம்பத்து நான்கு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்தின் ஓட்டுநர் திடீரெனத் தடையை அழுத்துகிறார். "அந்த டிரைவர் ஏன் எப்பப் பாத்தாலும் திடீர்னுதான் பிரேக் போடறான்? தூங்கிட்டானா?" என்று அவர் சண்டைக்கு வருவார். "மெதுவா போட்டா நான் என்னத்தைக் கேள்வி கேக்கறது?" என்பாள்.

தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஊர்ந்து வந்தது. பாலத்தின் மேல் சமையல் எரிவாயு லாரி கவிழ்ந்திருக்கிறது, யாரும் அடுப்பு பற்ற வைக்க வேண்டாம், வண்டிகளைக் கிளப்ப வேண்டாம், மறு அறிவிப்பு வரும்வரை மின்சாரம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. சொன்னதையே மூன்று தடவை சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனது. சத்தம் தேய்ந்த பிறகு தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

டிரைவர் ஜன்னலோரம் நின்றார். ஊரின் இந்தப் பாதியையும் அந்தப் பாதியையும் சேர்ப்பது அந்த ஒரு பாலம்தான். ஆஸ்பத்திரி அந்தக் கரையில். ஆக்சிஜன் கடை அந்தக் கரையில்.

"சமையல் காஸு காத்தை விடக் கனம்," என்றாள் அவள், அவர் எதையோ கேட்டது போல. "மேல ஏறாது. தரையோட தரையா ஊர்ந்துதான் வரும். பள்ளம் பாத்துத் தங்கும். நாம மாடியில இருக்கோம்."

அவருக்குக் கீழ் வீட்டுத் தையற்காரம்மாவின் நினைப்பு வந்தது. அவள் வீடு தெருவை விட இரண்டு படி பள்ளம்.

ஆக்சிஜன் கடைக்குப் போன் போட்டார். "ஒரு மணிக்குள்ள பாலத்தைத் திறந்துடுவாங்க சார். திறந்த உடனே மொத வண்டி உங்களுக்குத்தான்," என்றார் கடைக்காரர். ஆம்புலன்ஸுக்குப் போட்டார். அதுவும் அந்தக் கரையில்தான் நின்றுகொண்டிருந்தது. வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போட்டார். "அம்மா தூங்கறாளா, பேசறாளா?" என்று கேட்டாள். "பாடம் நடத்திட்டு இருக்கா," என்றார். மகள் சிரித்துவிட்டு, "அப்ப சரி," என்று வைத்துவிட்டாள்.

"ஒரு நோட்டு எடுங்க," என்றாள் டீச்சர். "அரை மணிக்கு ஒரு தரம் மணியையும் முள்ளையும் எழுதுங்க. வாயால சொன்னா நிக்காது."

பழைய விடைத்தாள் கட்டிலிருந்து எழுதாத பக்கம் ஒன்றைக் கிழித்து எழுதினார். ஒன்பது ஐம்பது, நூற்றெட்டு. பத்து இருபதுக்குப் பார்த்தபோது முள் நூறில் நின்றது.

"நூறு," என்றார்.

கோடு விழுந்தது. "தொண்ணூத்தாறுல இருக்கணுமே. சிலிண்டர் வெயில்லயா இருக்கு?"

திரும்பிப் பார்த்தார். ஜன்னல் வழியே வந்த வெயில் அதன் தோளில் ஏறியிருந்தது. தொட்டார், சுட்டது.

"ஆமா."

"நிழலுக்கு இழுங்க. சூடு ஏறினா முள்ளு கூடக் காட்டும். உள்ள இருக்கறது அதேதான். முள்ளைப் பாத்து ஏமாந்துடக் கூடாது."

அலமாரிக்குப் பின்னால் இழுத்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் முள் கீழே வந்தது. கட்டிலில் படுத்த வாக்கில், ஒரு எண்ணைக் கேட்டே வெயில் எங்கே விழுகிறது என்று சொல்லிவிட்டாளே என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. அது எத்தனை ஆபத்தான வித்தை என்று அப்போது தோன்றவில்லை.

அவளுக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே வந்தது. ஸ்பாஞ்ச் மாதிரி இருக்க வேண்டியது ரப்பர் மாதிரி ஆகிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாக்பீஸ் தூசியா என்று அவர் கேட்டதற்கு இல்லை என்றார். பதினைந்து நாள் முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, "இனிமே அங்க கூட்டிட்டுப் போகாதீங்க. என் கட்டில்லயே இருந்துக்கறேன்," என்று அவள் சொல்லிவிட்டாள். டாக்டர் தலையாட்டி அனுப்பினார். வாசலில் அவரைத் தனியே நிறுத்தி ஒன்றே ஒன்று சொன்னார்: "நாலுக்குக் கீழ மட்டும் போயிடாதீங்க."

பதினொன்றரைக்கு அவள் கண்ணயர்ந்தாள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டியிருந்த சின்ன மெஷின் தொண்ணூறு என்று காட்டியது. தையற்காரம்மா மாடியேறி வந்து எட்டிப் பார்த்தாள். ஐம்பது வயதுக்காரி, கழுத்தில் அளவு நாடாவோடுதான் எங்கும் போவாள்.

"முக்குல இருக்கற கிளினிக் வரைக்கும் போய்ப் பாத்தேண்ணா. பூட்டுத்தான் தொங்குது. டாக்டரும் அந்தக் கரையில மாட்டிக்கிட்டாராம்."

"வாசனை ஏதும் வருதாம்மா?"

"தையல் மெஷின் எண்ணெய் வாசனைதான் வருது. அக்கா எப்படி இருக்காங்க?"

"தூங்கறா."

தையற்காரம்மா கட்டிலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நாடாவை உருவி, விரலில் சுற்றி, மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

பதினொன்று ஐம்பதுக்குக் கடைக்காரர் கூப்பிட்டார். டிரைவர் போனோடு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். லைன் விட்டு விட்டு வந்தது.

"சார், நாலு மணி ஆகுமாம் சார். லாரியைத் தூக்கற கிரேன் இன்னும் வரல. எங்க கையில ஒண்ணும் இல்ல சார். உங்களுக்கு எதுவரைக்கும் தாங்கும்?"

"ரெண்டு இருபது."

அதோடு லைனே அறுந்து போயிற்று. மறுபடி அடித்தார். சிக்னல் இருந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. மின்சாரம் இல்லாமல் டவரும் படுத்துவிட்டது.

அணைந்த அடுப்பின் முன்னால் அவர் நின்றார். அவருக்குக் கணக்கு வராது. ஆனால் வண்டி தெரியும். மலைப் பாதையில் டீசல் முள் சிவப்பைத் தொட்டுவிட்டால், மிதியை அழுத்தக் கூடாது. காலைப் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு, வண்டியைத் தாலாட்டுவது போல ஓட்டினால் அடுத்த பங்க் வரை இழுத்துவிடலாம். நாற்பது பேரோடு அப்படி இழுத்திருக்கிறார். ஒரு தடவைகூட நடுவழியில் நிறுத்தியதில்லை.

அறைக்குள் வந்தார். முள் அறுபது. அவள் வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கினாள். சிலிண்டர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குமிழைப் பிடித்து, மெல்லத் திருப்பினார். குண்டு நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. அவள் அசையவில்லை. இரண்டுக்கு இறங்கியது. குப்பிக்குள் குமிழிகளின் சத்தம் பாதியானது.

காத்திருந்தார். விரல் மெஷின் எண்பத்தொன்பது என்றது. எண்பத்தேழு. எண்பத்து நான்கில் நின்றது. அந்தச் சிவப்பு எண்கள் தன்னையே பார்ப்பது போலிருந்தது. அவள் விரலை நோகாமல் பிடித்து, அதைக் கழற்றி, மேஜை டிராயருக்குள் போட்டு மூடினார்.

வெளியே வெயில் வெள்ளையாக எரிந்தது. ஒரு வண்டிச் சத்தம் இல்லை, பிரஷர் குக்கர் சத்தம் இல்லை. இத்தனை வீடுகளில் இத்தனை பேர் ஒரு பொறிக்குப் பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முள் எழுதி வந்த தாளை மடித்து அவளுக்கு விசிறினார்.

பன்னிரண்டு நாற்பதுக்கு அவள் விழித்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"தலை வலிக்குது," என்றாள். "மணி என்ன?"

"பன்னெண்டு நாப்பது."

"முள்ளு?"

அவளைத் தேற்றத் தன் கையில் நல்ல செய்தி இருக்கிறது என்று அவர் நினைத்தார். "அம்பது," என்றார். "பரவால்ல, மெதுவாத்தான் இறங்குது."

புருவத்துக்கு நடுவில் அந்தக் கோடு விழுந்தது. விழுந்தது எழவில்லை.

"வெயில்லயா இருக்கு?"

"இல்லயே. நிழல்லதான் இருக்கு."

"நாப்பதுல இருக்கணும்," என்றாள்.

அவள் தன் விரலைத் தூக்கிப் பார்த்தாள். மெஷின் மாட்டியிருந்த இடத்தில் வெளுத்த ஒரு வளையம் இருந்தது. பிறகு அவரைப் பார்த்தாள். ஜன்னல் திரை ஒரு முறை உள்ளே ஊதி, மறுபடி படிந்தது.

"எதுல வெச்சிருக்கீங்க?"

"ரெண்டு."

"எப்பலேருந்து?"

"கடைக்காரர் போன் பண்ணாரு. பாலம் நாலு மணிக்குத்தானாம். ரெண்டு இருபதுக்கு அப்புறம் என்ன பண்றது டீச்சர்? நான் என்ன பண்ணுவேன்? என் வாயால ஊத முடியுமா?"

அவள் சிலிண்டரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவருக்கு அது ஒரு பெரிய மலையைச் சுற்றி வருகிற நேரம் போலிருந்தது.

"இத்தனை வருஷத்துல," என்றாள், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, "ஒரு நாளாவது உங்க ஸ்டியரிங்ல நான் கை வெச்சிருக்கேனா?"

"இல்ல."

"அப்புறம்?"

"தப்புதான். நாலுக்கே வெச்சுடறேன்." குமிழின் மேல் கையை வைத்தார்.

"இருங்க. அவசரப்படாதீங்க. போட்டு முடிக்கலை." கண்ணை மூடினாள். "அம்பது. அஞ்சூறு லிட்டர். நாலுல வெச்சா ரெண்டே முக்காலோட முடிஞ்சுது. மூணுல வெச்சா மூணரை வரைக்கும். பத்தாது." உதட்டை நனைத்துக்கொண்டாள். "ரெண்டரை. எரநூறு நிமிஷம். கச்சிதமா நாலு மணி."

"டாக்டர் நாலுக்குக் கீழ..."

"டாக்டர் சொன்னப்ப பாலம் திறந்திருந்துச்சு. ரெண்டரை வைங்க."

வைத்தார். குண்டு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வந்து நடுங்கியது.

"நாலேகாலுக்கு வந்தா?" என்று கேட்டார்.

"அதுக்குத்தான் கேள்வியில 'ஏறத்தாழ'ன்னு ஒரு வார்த்தை போடுவோம்." சிரிக்கப் பார்த்தாள். அது இருமலாகி, அவளைப் பாதி உட்கார வைத்து, குலுக்கி எடுத்துவிட்டுத்தான் விட்டது. அவர் முதுகைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கைக்குக் கீழே விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"முள்ளு பூஜ்யத்துக்கு வந்தாலும் உள்ள பத்து லிட்டர் இருக்கும்," என்றாள், திரும்பப் படுக்க வைத்ததும். "அது வெளிய வராது. உள்ளயும் வெளியயும் ஒரே அழுத்தம் ஆயிட்டா எதுவும் நகராது. பசங்க அதை மறந்துடுவாங்க. பத்தாவதுல பாதிப் பேர் அந்த ஒண்ணுல கோட்டை விட்டுட்டு வந்து அழும்."

"நீ பேசாத. பேசினா சீக்கிரம் தீரும்."

"அது சிலிண்டருக்கு இல்ல. எனக்கு."

அவர் விசிறினார். அவள் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, அவர் எழுதிய வரிகளைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். பதினொன்று ஐம்பதுக்கு அடுத்த வரி பன்னிரண்டு இருபது. அதில் முள் இருக்க வேண்டிய இடத்தில் அவர் எதையும் எழுதியிருக்கவில்லை.

"தலைப்பு போடல," என்றாள். "அலகும் போடல. வெறும் எண்ணை எழுதினா யாருக்குப் புரியும்? பாதி மார்க்குதான்."

"என்ன அலகு போடணும் சொல்லு. எழுதறேன்."

அவள் காகிதத்தை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள். யோசிக்கிறாள் என்று நினைத்தார். கண் மூடியிருந்தது. காகிதம் ஏறி ஏறி இறங்கியது. தூங்கட்டும் என்று விட்டார்.

ஒரு மணி ஆயிற்று. ஒன்று இருபது ஆயிற்று. ஒலிபெருக்கி ஜீப் எங்கோ தூரத்தில் திரும்பவும் பேசியது. என்ன சொல்கிறது என்று பிடிபடவில்லை. முள் நாற்பதில் இருந்தது. சொன்னது சொன்னபடி இறங்குகிறது என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்டார். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவர் காகிதத்தைப் பார்க்கவில்லை.

ஒன்றே முக்காலுக்குப் பார்த்தார். காகிதம் ஏறியது. இறங்கியது. பிறகு அடுத்த ஏற்றத்துக்கு ரொம்ப நேரம் ஆனது. விரல் நகங்கள் மழைக்கால மேகத்தின் நிறத்தில் இருந்தன.

"டீச்சர்," என்றார். "டீச்சர்!"

குமிழை ஒரே திருப்பாகத் திருப்பினார். குண்டு பாய்ந்து உச்சியில் போய் முட்டியது. குப்பி கொதிப்பது போலக் குமுறியது. டிராயரை இழுத்து, விரல் மெஷினை எடுத்து, அவள் விரலில் மாட்டினார். அது எண்ணைத் தேடித் தேடி, இரண்டு கோடுகளைக் காட்டிவிட்டு நின்றது. தன் விரலில் மாட்டிப் பார்த்தார், தொண்ணூற்றெட்டு. திரும்ப அவள் விரலில் மாட்டினார். இரண்டு கோடுகள். வேறு விரலில் மாட்டினார். கன்னத்தைத் தட்டினார். தோளைப் பிடித்து உலுக்கினார். வாசலுக்கு ஓடித் தையற்காரம்மாவைக் கூவி அழைத்துவிட்டு ஓடி வந்தார். அவர் வாசலுக்குப் போய் வந்த அந்த நேரத்துக்குள் காகிதம் அவள் நெஞ்சிலிருந்து சரிந்து கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்திருந்தது.

தையற்காரம்மா ஓடி வந்து அவள் மூக்கடியில் புறங்கையை வைத்தாள். கழுத்தைத் தொட்டாள். குழாயிலிருந்து காற்று புஸ்ஸென்று அடித்துக்கொண்டேயிருந்ததால் முதலில் அவளுக்கே சந்தேகமாக இருந்தது. குழாயை விலக்கிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அண்ணா. விடுங்க. போதும்."

"நாலு மணி வரைக்கும் வரும்னு சொன்னா. அவ கணக்கு தப்பாது."

"விடுங்கண்ணா."

அவர் குந்தி உட்கார்ந்து ஸ்பேனரை எடுத்தார். வலப்பக்கம் திருப்பி மூடினார். குண்டு அடியில் விழுந்தது. அறையில் மூன்று பேர் இருந்தார்கள்; ஒரு சத்தமும் இல்லை.

தையற்காரம்மா அவளுடைய கைகளை நேராக வைத்தாள். குழாயைக் காதுகளிலிருந்து எடுத்தாள். பதினைந்து நாளாக அது பதிந்திருந்த தடம் இரண்டு கன்னத்திலும் கோடு போட்டிருந்தது. ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தாள். டிரைவர் மகளுக்குப் போன் அடித்தார். பெருக்கல் குறிதான் இருந்தது. இருந்தும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ. கீழே ஒரு ஹாரன் கேட்டது. பிறகு மாடிப்படியில் இரும்பு இடிக்கும் சத்தம், "மெல்ல, மெல்ல, செவுத்துல படாம" என்ற குரல். கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர், தோளில் ஒரு புதுச் சிலிண்டரோடு உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவனுக்கு முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"பாலத்தைச் சீக்கிரமே திறந்துட்டாங்க சார்! நாலு மணின்னாங்க, ரெண்டுக்கே விட்டுட்டாங்க. மொத வண்டி நம்மதுதான். உங்க நம்பருக்கு அடிச்சு அடிச்சுப் பாத்தேன், போகவே இல்ல. எங்க சார் வைக்கிறது?"

சிலிண்டரை இறக்கி நிறுத்திவிட்டு, பழக்க தோஷத்தில் பழையதின் முள்ளைக் குனிந்து பார்த்தான்.

"அட, முப்பது இருக்கே சார் இதுலயே! முடிஞ்சே போச்சுன்னு ஓனர் சொன்னதுக்கு நாங்க தலை தெறிக்க..."

அப்போதுதான் பின்னால் வந்தவன் அவன் தோளைத் தொட்டான். அவன் திரும்பி, கட்டிலைப் பார்த்தான்.

"சார்," என்றான்.

"மணி என்ன?" என்று கேட்டார் டிரைவர்.

"சார்?"

"இப்ப மணி என்ன தம்பி?"

"ரெண்டேகால் சார்."

அவருக்குக் கணக்கு வராது. ஆனால் ஒன்பது இருபதோடு ஐந்து மணி நேரத்தைக் கூட்ட யாருக்கும் வரும். அதிலிருந்து இரண்டேகாலைக் கழிக்கவும் வரும். அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டார். பிறகு எடுத்து மேஜையில் வைத்தார்.

தையற்காரம்மா அவர்களைப் பார்த்து, "நீங்க கிளம்புங்க," என்றாள்.

"புதுசை..."

"எடுத்துட்டுப் போங்க."

கொண்டு வந்ததைக் கொண்டு போனார்கள். இறங்கும்போது படிக்கு ஒரு தடவை இரும்பு முனகியது. கொஞ்ச நேரத்தில் கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. முன்னால் ஒரு உறுமல், பின்னால் ஒரு உறுமல். நின்றது. மறுபடி உறுமல். ஏதோ தகரம் உரசியது. யாரோ, "யோவ், செவுரு, செவுரு!" என்று கத்தினார்கள்.

டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். சந்து முட்டுச் சந்து. வேனைத் திருப்ப இடமில்லை. பின்னாலேயே போய்த்தான் ஆக வேண்டும். ஓட்டுபவன் தலையை வெளியே நீட்டி முழித்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் மோட்டார் சைக்கிள்கள்.

"இவன் இப்படி ஒடிச்சா சாக்கடையிலதான் விடுவான்," என்றார்.

"அண்ணா, நீங்க உக்காருங்க," என்றாள் தையற்காரம்மா.

"இதோ வந்துடறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். வேனுக்குப் பின்னால் போய், ஓட்டுபவனுக்குக் கண்ணாடியில் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றார். வலது கையைத் தூக்கினார்.

"நேரா புடி. நேரா. வா... வா... லெஃப்ட்ல ஒடி. இன்னும். போதும், நேராக்கு. வா... ரெண்டடி இருக்கு, பயப்படாம வா..."

வேன் அவர் குரலுக்குக் கட்டுப்பட்டு அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தது. அவர் பின்னுக்கு நடந்துகொண்டே அதை மெயின் ரோடு வரை கூட்டிக்கொண்டு போனார். பாலம் திறந்ததில் காலையிலிருந்து தேங்கி நின்ற வண்டிகளெல்லாம் ஒரேயடியாக வந்துகொண்டிருந்தன. அவர் ரோட்டுக்குள் இறங்கி, வருகிற லாரியைப் பார்த்து ஒரு கையை நீட்டினார். லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். அதற்குப் பின்னால் நின்ற பஸ்ஸும் அழுத்தியது. அவர் அந்தக் கையை இறக்காமல், மற்றொரு கையால் வேனை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டு, நடு ரோட்டில் நின்றார்.